வேலமர வளைவில் விலாப்பிடிப்பு

லாரி ஓட்டுகிறவனுக்கு முன்னால் ஓடுகிறவர்களின் முகம் தெரியாது. முதுகுதான் தெரியும். ஆனால் முதுகு நிறையச் சொல்லும். தோள் இறங்கினால் களைப்பு. தலை ஆடினால் தாகம். வலது கை மெல்லக் கீழே இறங்கி விலாவைப் பிடித்தால், அது எங்கள் ஊர் ஏற்றத்தின் வேலமர வளைவு என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்.

வருடந்தோறும் ஜோதி ஓட்டத்தில் பின்னால் வரும் லாரி என்னுடையது. மெக்ஸிகோ நகரத்தில் குவாதலூபே மாதாவின் பெரிய கோயிலில் பந்தத்தை ஏற்றி, மந்திரித்து, கைமாற்றிக் கைமாற்றி, ஓட்டமாகவே எங்கள் ஊர் சான் லூக்காஸ் வரை கொண்டுவருவோம். மாதா திருநாளுக்கு முந்தைய நாள், பொழுது சாய்வதற்குள் அந்த நெருப்பு எங்கள் கோயில் பீடத்தில் இருக்க வேண்டும். ஒருவர் ஓட, மற்றவர்கள் லாரியில் உட்கார்ந்து வருவார்கள். லாரியின் நெற்றியில் பூச்சரங்களுக்கு நடுவே மாதா படம். பின்னால் போர்வைகள், ஆரஞ்சு மூட்டை, வழியெல்லாம் ஜனங்கள் அன்போடு ஏற்றிவிடும் தின்பண்டம், அதற்கேற்ற ஏப்பம், அரட்டை.

ஆற்றுப் பாலத்திலிருந்து கோயில் வாசல் வரை உள்ள கடைசிப் பகுதி நேர்ச்சை உள்ளவர்களுக்கு மட்டும். முழுக்க ஏற்றம். கடந்த இரண்டு வருடமும் அதை ஓடியவள் ஒத்தீலியா. ஓடி முடிக்காதவளும் அவள்தான்.

ஒத்தீலியா எங்கள் ஊர்த் தையல்காரி. பள்ளிப் பிள்ளைகளின் சீருடை எல்லாம் அவள் கைதான். அவளுடைய மகள் நியேவெஸ் குழந்தையாக இருந்தபோது நெஞ்சில் சளி கட்டி, நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூச்சை இழுக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன விலாவுக்குக் கீழே குழி விழுமாம். அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே ஒத்தீலியா வேண்டிக்கொண்டாள்: "தாயே, இவளுக்கு மூச்சக் குடு. என் மூச்ச நான் உனக்கு ஓடிக் காட்டுறேன். பாலத்துலேருந்து உன் வாசல் வரைக்கும் யார் கையிலயும் குடுக்காம ஜோதியக் கொண்டாந்து வெக்கிறேன்."

குழந்தை பிழைத்தது. இன்று அவள் மூச்சு விடாமல் பேசுகிற பெண். தாயின் நேர்ச்சை மட்டும் நிறைவேறவில்லை. முதல் வருடம் வேலமர வளைவில் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்தாள். இரண்டாம் வருடமும் அதே இடம், அதே பக்கம். இரண்டு முறையும் லாரியிலிருந்து குதித்து ஜோதியை வாங்கி ஓடியவள் அவளுடைய நாத்தனார் தெல்ஃபீனா. மான் மாதிரி ஓடுவாள். அவளுக்கு மட்டும் அந்த வளைவில் விலா பிடித்ததே இல்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "மனசுல எதையோ மறச்சு வெச்சிருக்கா. அதான் மாதா விலாவுல கைய வெச்சுத் தடுக்கிறா" என்றார்கள். சொன்னவர்கள் மறந்துவிட்டார்கள். ஒத்தீலியாதான் மறக்கவில்லை. அவள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் போய், சொல்லப் பாவம் தீர்ந்துபோய், பக்கத்து வீட்டுக் கோழியை விரட்டியதைக்கூடச் சொன்னாளாம்.

இந்த வருடம் புறப்படும்போதே ஓட்டத் தலைவர் பௌலினோ தன் ஒலிபெருக்கியை இறக்கி வைத்துவிட்டு அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, மூணு வாட்டின்னுதான் வழக்கம். உனக்குப் பின்னால நேர்ச்சக்காரங்க வரிசையில நிக்கிறாங்க. இது உன் மூணாவது வாட்டி."

"தெரியும்ண்ணே" என்றாள் அவள்.

கடைசி நாள் காலை. கடைசியாக ஓடப்போகிறவர் அசதியில்லாமல் வர வேண்டும் என்று ஒத்தீலியாவை என் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்திருந்தோம். வழியில் ஒரு கிராமத்தில் சோள இலையில் பொதிந்து அவித்த தமாலைக் கூடை கூடையாகக் கொடுத்தார்கள். பின்னால் சண்டை போட்டுக்கொண்டு தின்றார்கள். இவள் கையில் ஜெபமாலை. வாயில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை.

தன் பங்கை ஓடி முடித்த தெல்ஃபீனா, வியர்வையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்து ஏறி, அண்ணியை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு வாழைப்பழம்.

"அண்ணி, இதையாவது சாப்பிடுங்க."

"வேணாம். உபவாசம்."

"எப்பலேருந்து?"

"நேத்து பொழுது சாஞ்சதுலேருந்து."

"அடக் கடவுளே. அப்புறம் பாலத்துல போய் எர்மினியாம்மா காய்ச்சுற அத்தோலேக் கஞ்சியிலதான் நோன்பத் தொறப்பீங்களாக்கும்?"

"வேற எதுல தொறப்பாங்க? மாதா பேர்ல காய்ச்சினது. அது இறங்குற வயித்துல வேற எதுவும் இருக்கக் கூடாதுன்னுதான் பட்டினியா வர்றேன்."

"போன வருஷமும் இப்படித்தானா?"

"அதுக்கு முந்தின வருஷமும்."

தெல்ஃபீனா தன் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"சிஸ்தோ அண்ணே, கொஞ்சம் காத மூடிக்குங்க."

"மூடிக்கலாம். ஸ்டியரிங்க நீ பிடிச்சுக்கிறியா?" என்றேன்.

"சரி, கேட்டா கேளுங்க. வெளிய சொன்னா உங்க சக்கரத்துல ஆணி அடிப்பேன்." அண்ணியின் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஏன் அந்த எடத்துல விலா பிடிக்கிறதில்லன்னு நெனக்கிறீங்க?"

ஒத்தீலியா சற்றும் யோசிக்கவில்லை. "நீ நல்லவ. அதான்" என்றாள்.

அந்தச் சொல்லில் பொறாமை இல்லை, குத்தல் இல்லை. மழை பெய்தால் மண் நனையும் என்பதுபோல் சொன்னாள். தெல்ஃபீனாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"நானா நல்லவ? அண்ணி, அந்த அத்தோலேய நான் ஒரு தடவகூடக் குடிச்சதில்ல. குவளைய வாங்கிட்டு, சிரிச்சிட்டு, லாரிக்கு அந்தப் பக்கமாப் போய்ச் சக்கரத்துக்குப் பின்னால ஊத்திட்டு வந்திருவேன்."

எனக்கு இது புதிய செய்தி அல்ல. ஒவ்வொரு வருடமும் லாரியைக் கழுவும்போது பின்சக்கரத்தில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருக்கும். யார் என்று கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"ஊத்திருவியா?" ஒத்தீலியா அவள் பக்கம் திரும்பினாள்.

"பின்ன என்ன பண்றது? கல்லூரியில பந்தயத்துக்கு ஓடுன காலத்துல எனக்கும் விலா பிடிக்கும், இழுத்து வெச்சுத் தைக்கிற மாதிரி. ஓடுறதுக்கு முன்னால சர்பத்து குடிச்சா பிடிக்கும். வயிறு முட்டத் தின்னா பிடிக்கும். பட்டினி கெடந்துட்டுக் கடைசி நேரத்துல மடக்கு மடக்குன்னு குடிச்சாலும் பிடிக்கும். நீங்க என்னடான்னா ராத்திரி பூரா வயித்தக் காயப் போட்டுட்டு, கெட்டியா, வெல்லம் போட்டு, கொதிக்கக் கொதிக்க ரெண்டு குவள குடிச்சிட்டு ஏத்தத்துல ஏறுறீங்க. அது வயித்துல சும்மா இருக்குமா? கூடவே குதிக்கும்."

"அப்போ... பாவம் இல்லியா?"

"பாவம்னா அது நான் மண்ணுல ஊத்துனது. உங்களது வெறும் கஞ்சி, அண்ணி."

ஒத்தீலியா கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபமாலை மடியில் விழுந்திருந்தது. அப்படியே கேட்டாள்: "இத ஏன் ரெண்டு வருஷமா நீ எனக்குச் சொல்லல?"

"சொன்னா ஊத்துனதையும் சொல்லணுமே. ஊர்ல எல்லாரும் என்னைய மாதா தேர்ந்தெடுத்த பொண்ணுன்னு சொல்றாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு." அவள் பழத்தை உரித்து நீட்டினாள். "மன்னிச்சிருங்க. இன்னைக்காவது நான் சொல்றதக் கேளுங்க. பாலத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிரும். இப்பவே சாப்பிட்டா அதுக்குள்ள செரிச்சிரும். அப்புறம் வாய் நனையுற அளவுக்கு அப்பப்போ தண்ணி. ஓட ஆரம்பிக்கிறப்போ எடுத்த எடுப்புல பாயாதீங்க. கல்யாணத்துக்குப் போற மாதிரி மெதுவாக் கிளம்புங்க. மூச்ச நெஞ்சோட நிறுத்தாம வயித்து வரைக்கும் இழுங்க."

"அதையும் மீறிப் பிடிச்சுதுன்னா?"

"வேகத்தக் குறைங்க. கொஞ்சம் முன்னால குனிஞ்சு, வலிக்கிற எடத்துல விரல நல்லா அழுத்துங்க. சூப்ப ஊதி ஆத்துற மாதிரி உதட்டக் குவிச்சு மூச்ச நீளமா விடுங்க. வலது பக்கம் வலிச்சா, இடது கால் தரையில படுறப்ப மூச்சு வெளிய போகட்டும். கொஞ்ச நேரத்துல அதுவே விட்டுரும். பயந்தாத்தான் இன்னும் இறுக்கும்."

ஒத்தீலியா பழத்தை வாங்கிக்கொண்டாள். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கடி கடித்தாள். மெல்லும்போதே கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடமாகத் தன் ஆத்துமாவில் எங்கே கறை என்று தேடித் தேடி இளைத்த மனுஷி அல்லவா!

பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "எர்மினியாம்மாகிட்ட என்ன சொல்றது?"

"எதுக்குச் சொல்லணும்? நான் மறச்சு நிக்கிறேன். நீங்களும் ஊத்திருங்க."

"மாதா பேர்ல காய்ச்சினத மண்ணுலயா? நான் மாட்டேன்."

"அப்ப குடிச்சிட்டு வேலமரத்தடியில போய் உக்காருங்க."

"அதுவும் மாட்டேன்."

"இது என்னடா வம்பாப் போச்சு" என்று தெல்ஃபீனா என்னைப் பார்த்தாள். என்னிடம் கியர் மாற்றுவதற்கு மேல் யோசனை ஒன்றும் இல்லை.

எர்மினியாம்மா பாலத்தோரத்து வீட்டுக்காரர். கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. இரண்டு முட்டியும் தேய்ந்து, கம்பை ஊன்றித்தான் நடப்பார். வருடம் முழுக்க அவர் காத்திருப்பது இந்த ஒரு நாளுக்காக. விடியும் முன்பே விறகடுப்பு மூட்டி, மக்காச்சோள மாவைக் கரைத்து, வெல்லமும் பட்டையும் போட்டு அத்தோலே காய்ச்சி, பானையைத் துணியால் சுற்றி, பாலத்து மதில்மேல் குவளைகளை அடுக்கி வைத்து நிற்பார். அதை வேண்டாம் என்று சொன்னவர் எங்கள் ஊரில் இல்லை. சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

நாங்கள் பாலத்துக்கு வந்தபோது வெயில் மேற்கே சரிந்திருந்தது. பௌலினோ ஜோதியை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் குதித்து இறங்கினார்கள்.

"வாங்க, வாங்க, மாதாவோட குதிரைங்களா! கொள்ளு தயாரா இருக்கு" என்று எர்மினியாம்மா கூவினார். "ஏன்டா, உனக்கு வயிறு போன வருஷத்தவிடப் பெருத்திருச்சே? நீ ஓடுனியா, உருண்டியா?" ஒவ்வொருவருக்கும் ஒரு கேலி, ஒரு குவளை. கடைசியில் எல்லாவற்றிலும் பெரிய குவளையை விளிம்பு வரை நிரப்பி, இரண்டு கையாலும் ஒத்தீலியாவிடம் நீட்டினார். "இந்தா தாயி. இன்னைக்கு நீ ஏறிருவே. உனக்காகப் பட்டை கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன்."

ஒத்தீலியா குவளையை வாங்கிக்கொண்டாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது. தெல்ஃபீனா அவள் முழங்கையை மெல்ல இடித்து லாரியின் பக்கம் கண்ணைக் காட்டினாள். ஒத்தீலியா நகரவில்லை.

"அம்மா" என்றாள். "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"இதக் குடிச்சிட்டு ஓடுனா எனக்கு விலா பிடிச்சுக்குது. ரெண்டு வருஷமும் அதனாலதான் நின்னுட்டேன். ஓடுறதுக்கு முன்னால எதையும் இப்படி நெறையக் குடிக்கக் கூடாதாம். இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. உங்க அத்தோலே மேல ஒரு குத்தமும் இல்ல, என் வயிறுதான்..."

பௌலினோ ஜோதியைப் பார்த்தார். நான் என் தொப்பியைப் பார்த்தேன்.

எர்மினியாம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "அப்படின்னா உன்னய நிறுத்துனது நானா?" என்றார். "நேர்ச்சக்காரிய ரெண்டு வருஷம் தடுத்தது என் பானையா?"

"ஐயோ, இல்லம்மா..."

"இரு." அவர் கம்பை ஊன்றி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தப் பார்வை தெல்ஃபீனாவிடம் வந்ததும் சற்றுத் தங்கியது. "ஒவ்வொரு வருஷமும் நீங்க போன பிற்பாடு, லாரி நின்ன எடத்துல எறும்பு மொய்க்கும். சக்கரத் தடத்து மேல அப்படி மொய்க்கும். நான் என்ன குருடியா? யாரோ ஒருத்தருக்குப் பிடிக்கல, சரி, எறும்பாவது குடிக்கட்டும்னு விட்டுட்டேன். ஆனா ஏன் பிடிக்கலன்னு யாராவது ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்களான்னு இருக்கும். வெல்லம் கூடிப்போச்சா, அடி பிடிச்சுதா, என் கை சுத்தமில்லையா, ராத்திரியில கெடந்து யோசிப்பேன்."

தெல்ஃபீனாவின் முகம் காது வரை சிவந்துவிட்டது.

"நீ ஒருத்திதான் என் மூஞ்சியப் பாத்துச் சொன்னே" என்றார் எர்மினியாம்மா. அவர் கை நீண்டு, அந்தப் பெரிய குவளையை ஒத்தீலியாவின் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. "என்னால ஓட முடியாது தாயி. ஓடுறவங்க வயித்துல என் கஞ்சியாவது கோயில் வரைக்கும் ஓடிப் போகட்டும்னுதான் காய்ச்சினேன். வேற ஒண்ணுமில்ல."

அப்போதுதான் ஒத்தீலியா அதைக் கேட்டாள். முன்கூட்டி யோசித்து வைத்ததாகத் தெரியவில்லை.

"கஞ்சி எதுக்கு என் வயித்துல போவணும்? நீங்களே வாங்க. பானையோட வாங்க. கோயில் வாசல்ல உங்க கையால குடுங்க, எத்தன குவள வேணும்னாலும் குடிக்கிறேன்."

"நானா? கோயிலுக்கா?" எர்மினியாம்மா எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டு ஏற்றத்தைப் பார்த்தார். "இந்தப் பாலத்துக்கு மேல ஜோதி எப்படிப் போவுதுன்னு நான் பாத்ததே இல்ல. வெடிச் சத்தம் கேக்கும். சரி, போய்ச் சேந்துருச்சுன்னு பானையக் கழுவப் போயிருவேன்."

"ஏம்மா வரல?" என்றேன் நான்.

"யாரு கூப்பிட்டீங்க?"

வருடா வருடம் அவர் வாசலில் நின்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, காலி இருக்கையோடு லாரியைக் கிளப்பிப் போனவர்கள் நாங்கள். வாங்கிக் குடிப்பதோடு நம் பங்கு முடிந்தது என்று நினைத்துவிட்டோம். கொடுக்கிறவருக்கும் ஓர் அழைப்பு வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு நடந்தது திருவிழாக் கூத்துதான். முட்டி மடங்காத எர்மினியாம்மாவை நான்கு பேர் தூக்கி என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். "மெதுவாடா, நான் மாதா சிலையில்ல, உடைஞ்சா ஒட்ட முடியாது!" என்று அவர் கத்தினார். பானையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டார். தெல்ஃபீனா லாரியில் ஏறவில்லை. "நான் அண்ணி கூடவே ஓடி வர்றேன், ஜோதியத் தொட மாட்டேன்" என்று பௌலினோவிடம் சொல்லிவிட்டாள்.

ஒத்தீலியா இரண்டு மிடறு தண்ணீர் குடித்தாள். ஜோதியை வாங்கி முத்தமிட்டு, தலைக்கு மேலே தூக்கினாள். ஓட்டம் தொடங்கியது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மெதுவாக, ஒரே சீராக, நாத்தனார் சொன்னபடி கல்யாணத்துக்குப் போகிற நடையில். லாரியின் மேலிருந்து பௌலினோ ஒலிபெருக்கியில் "மரியே!" என்பார். ஓடுகிறவர் "வாழ்க!" என்று பதில் சொல்ல வேண்டும், அது வழக்கம். அவளும் சொன்னாள். ஏற்றம் கூடியது. தூரத்தில் வேலமரம் தெரிந்தது.

பயம் பொல்லாதது. மரத்தைக் கண்டதும் அதைத் தாண்டிவிட்டால் போதும் என்று அவள் கால் பாய்ந்தது. முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. தோள்கள் காதுக்கு ஏறின. "மரியே!" என்றார் பௌலினோ. "வாழ்க!" என்று கத்தியவளுக்கு மூச்சு பாதியில் அறுந்தது. வளைவில் திரும்பும்போது அவளுடைய வலது கை, ஜோதியோடு, ஒரு சாண் கீழே இறங்கியது.

"பிடிச்சுக்கிச்சு" என்றேன்.

"எது?" என்றார் எர்மினியாம்மா. "நாந்தான் குடுக்கலியே!"

முன்னால் ஒத்தீலியா கோணி வளைந்திருந்தாள். இன்னும் நிற்கவில்லை, ஆனால் நின்றுவிடுவாள் போலிருந்தது. தெல்ஃபீனா பக்கத்தில் வந்துவிட்டாள். அவள் கை நீண்டால் ஜோதி கைமாறிவிடும், நேர்ச்சையும் முடிந்துவிடும். தெல்ஃபீனா தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அண்ணி, பயப்படாதீங்க. வேகத்தக் குறைங்க. நடங்க, பரவாயில்ல. பந்தத்த இடது கைக்கு மாத்துங்க. வலது கைய வலிக்கிற எடத்துல அழுத்துங்க. நல்லா! மாவு பிசையற மாதிரி அழுத்துங்க. இப்ப ஊதுங்க... நீளமா..."

ஒத்தீலியா ஜோதியை இடது கைக்கு மாற்றினாள்.

"ஜோதி வலது கையிலதான் வரணும்" என்று மேலிருந்து பௌலினோவின் ஒலிபெருக்கி தயங்கித் தயங்கிச் சொன்னது. "அதோட, இது ஓட்டம். நடக்கிறது..."

எர்மினியாம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அவருக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "ஏன்டா பௌலினோ, உன் ஆத்தா உன்னய எந்தக் கையால தூக்குனா? ரெண்டு கையாலயுந்தானே? மாதாவுக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான். நடந்து போனா ஜோதி அணைஞ்சிருமா? அந்தக் குழாய மூடு, புள்ள மூச்சு விடட்டும்!"

ஒலிபெருக்கி மூடிக்கொண்டது. லாரியில் சிரிப்பு வெடித்தது. பிறகு அதே ஒலிபெருக்கி, இந்த முறை தாழ்ந்த குரலில், "மரியே" என்றது. லாரியில் இருந்த நாங்கள் எல்லோரும் அவளுக்குப் பதிலாக "வாழ்க" என்றோம். நானும் சொன்னேன். எர்மினியாம்மா பானையைத் தட்டிச் சொன்னார். அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை, மூச்சு விட்டால் போதும்.

நான் லாரியை அவள் நடைக்குக் கொண்டுவந்தேன். அந்த வளைவில் அவ்வளவு மெதுவாக நான் போனதே இல்லை. அவள் முன்னால் குனிந்து, விலாவில் விரல்களைப் புதைத்து, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே நடந்தாள். இடது கால் பட்டதும் ஓர் ஊதல். மறுபடி இடது கால், மறுபடி ஊதல். ஜோதியின் புகை அவள் தலைக்கு மேல் சாய்ந்து சாய்ந்து வந்தது. வேலமரம் பக்கத்தில் வந்தது. கடந்து போனது. என் கண்ணாடியில் பின்னால் சிறுத்தது.

எந்த இடத்தில் வலி விட்டது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். அழுத்தியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முதுகு நிமிர்ந்தது. அவள் நாலு எட்டு வேகமாக நடந்து பார்த்தாள். பிறகு ஓடினாள்.

"போறா, போறா!" என்று எர்மினியாம்மா என் தோளில் குத்தினார். அத்தோலே தளும்பி என் கால்சட்டையில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. வெடி வெடித்தது. தெருவின் இரண்டு பக்கமும் ஜனங்கள் பூவோடு நின்றார்கள். எர்மினியாம்மா வாயைத் திறந்தபடி, திருவிழாவுக்கு முதல்முறை வந்த குழந்தையைப்போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். வாசலில் நியேவெஸ் வெள்ளைக் கவுன் போட்டு நின்றிருந்தாள். அவள் தாய் அவளைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ஜோதியைப் பீடத்தடியில் வைத்துவிட்டு, அப்படியே முழந்தாளில் விழுந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் அல்ல.

அவள் வெளியே வந்தபோது எர்மினியாம்மா கோயில் படியில், பூக்களுக்கு நடுவே, பானையோடு உட்கார்ந்திருந்தார். அத்தோலே ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. முதல் குவளை நியேவெஸுக்கு. இரண்டாவது, அந்தப் பெரிய குவளை, ஒத்தீலியாவுக்கு. அவள் படியில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மகள் மடியில் ஏறி உட்கார்ந்து, அம்மா ஏன் அழுகிறாள், இந்தப் பாட்டி யார், ஜோதி சுடுமா, தானும் ஓடலாமா என்று மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெல்ஃபீனா தூண் மறைவில் நின்றிருந்தாள்.

"வாடி இங்க" என்றார் எர்மினியாம்மா. "உனக்கும் இருக்கு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். "அம்மா, அந்த எறும்பு..."

"எறும்பப் பத்தி யாரு பேசுனா? இந்தா, பிடி. அடி தெரியிற வரைக்கும் குடி. நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன். சிஸ்தோ, நீ லாரிய அந்தாண்ட நிறுத்து, இவ கண்ணுல சக்கரமே படக் கூடாது."

தெல்ஃபீனா குடித்தாள். பாதியில் அவள் கண்கள் விரிந்தன. "ஐயோ, இது இவ்வளவு நல்லா இருக்குமா!" என்று அலறினாள். படியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பௌலினோ புரையேறி இருமினார். எர்மினியாம்மா, மறுபடியும் நிரப்புவதற்காக, அவள் கையிலிருந்த குவளையைப் பிடுங்கினார்.

"அடுத்த வருஷம் பாலத்துலேருந்தே லாரியில உங்களுக்கு எடம் போட்டு வெச்சிருவேம்மா" என்றார் பௌலினோ, இருமல் அடங்கியதும். "பானை முன் சீட்டுல. நீங்களும் முன் சீட்டுல. நேர்ச்சக்காரங்க எல்லாரும் இனிமே இங்க வந்துதான் குடிக்கணும்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார் அவர். ஆனால் கம்பை அருகில் இழுத்து வைத்துக்கொண்ட விதத்தில், இப்போதே புறப்படச் சொன்னாலும் வருவார் என்று தெரிந்தது.

ஒத்தீலியா சிரித்துச் சிரித்து வலது விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி, மறுபடியுமா?" என்று தெல்ஃபீனா பதறிக்கொண்டு குனிந்தாள்.

"இது வேற" என்றாள் ஒத்தீலியா. கையை எடுக்காமலே, இன்னொரு கையால் காலிக் குவளையை நீட்டினாள்.